ஒற்றை ஆள், வசனமில்லாத ‘கச்சேரி குலையும்’ நகைச்சுவை: ஸ்டாண்டு, நாற்காலி, வரிசை பற்றி யோசனை தேவை

கூடத்துமேடை (கேள்வி)

வணக்கம். 20 நிமிடத்துக்கு ஒரு ஒற்றை ஆள் நிகழ்ச்சி தயாராகிறது. வசனம் கிடையாது. கோட்டு சூட்டு போட்ட வயலின்காரர் மேடைக்கு வருகிறார். ஒரே ஒரு பாட்டை வாசித்து முடிக்க வேண்டும், முடிக்க முடியவில்லை. அவ்வளவுதான் கதை. மேற்கத்திய பாணித் தனிக்கச்சேரி: நின்று வாசிப்பது, எதிரே ஸ்டாண்டு, அதில் இசைக்குறிப்புத் தாள், பக்கத்தில் ஒரு நாற்காலி. நடிகருக்கு வயலின் நன்றாகவே வரும்.

மேடை 20 அடி அகலம், 14 அடி ஆழம். கூடத்தில் 150 பேர் உட்காரலாம், கடைசி வரிசை சுமார் 15 மீட்டர் தூரத்தில். உதவிக்கு ஒரே ஆள். லைட்டையும் சவுண்டையும் அவர்தான் பார்க்க வேண்டும், மேடைப் பக்கம் வர முடியாது.

சந்தேகங்கள்:

1. வாசித்துக்கொண்டிருக்கும்போது ஸ்டாண்டு மெதுவாகத் தாழ வேண்டும். ஸ்க்ரூவைத் தளர்த்தி விட்டால் ‘டக்’ என்று ஒரேயடியாக விழுகிறது. கயிறு கட்டினால் தெரிகிறது.
2. உட்காரும்போது நாற்காலியின் இருக்கை உள்ளே போய் ஆள் மாட்டிக்கொள்ள வேண்டும். அடிபடாமல் இதை எப்படிச் செய்வது?
3. முதல் ஆறு நிமிடம் நன்றாகப் போகிறது. அதன் பிறகு ஒத்திகை பார்ப்பவர்கள் சிரிப்பதில்லை. எல்லாப் பொருளும் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகிறது, வேகமும் கூடிக்கொண்டுதான் போகிறது, ஆனாலும் அலுக்கிறது.
4. வாசிப்பு நேரடியாக இருக்கட்டுமா, பதிவு செய்ததை ஓட்டலாமா?

---

வெறும்மேடை

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது சரியாகாதவரை ஸ்டாண்டை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பயனில்லை.

எல்லாப் பொருளும் ஒவ்வொன்றாகக் கெடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். மூன்று பொருள் கெட்டதுமே பார்ப்பவர் ‘அடுத்து எது?’ என்று எண்ணத் தொடங்கிவிடுவார். அப்புறம் நீங்கள் எதை உடைத்தாலும் அது அவர் எதிர்பார்த்ததுதான். பொருள் கெடுவதில் பெரிய சிரிப்பு இல்லை. கெட்டதை இந்த மனிதர் சரிசெய்யும் விதத்தில்தான் சிரிப்பு. அவர் செய்யும் சரிசெய்தலே அடுத்த கோளாறைக் கொண்டுவந்தால் தொடர்ச்சி தானாக வரும்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த க்ரோக் (1880–1959) என்ற கோமாளியின் புகழ்பெற்ற ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ ஒரு பக்கம், அதன் ஸ்டூல் தள்ளி ஒரு பக்கம். அவர் ஸ்டூலை நகர்த்துவதில்லை. பியானோவை ஸ்டூலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். அங்கே எதுவும் உடையவில்லை, யாரும் விழவில்லை. ஸ்டூல் ஒரு கையில் தூக்கக்கூடியது என்பது கடைசி வரிசைக்கும் தெரிகிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. முகத்தில் அசட்டுத்தனம் காட்டாமல், மிகச் சரியான காரியத்தைச் செய்கிற ஆளின் பொறுப்போடு தள்ளுகிறார். உங்கள் நடிகர் பிடிக்க வேண்டியது இந்தப் பொறுப்பைத்தான். கோமாளி மூக்கு, கோணல் டை எல்லாம் வேண்டாம். கோட்டு அளவாகத் தைத்ததாக இருக்கட்டும்.

உங்களிடம் உள்ள நான்கு பொருளை வைத்தே ஒரு சங்கிலி போடலாம். ஸ்டாண்டு தாழ்கிறது. அவர் வாசிப்பை நிறுத்தாமல், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், கூடவே முழங்காலை மடக்கித் தாழ்கிறார். கடைசியில் மண்டியிட்டு வாசிக்கிறார், சமாளித்தாயிற்று. இப்போது பக்கம் திருப்ப வேண்டும், கை காலியில்லை. வில்லின் நுனியால் திருப்புகிறார், இரண்டு பக்கம் சேர்ந்து திரும்புகிறது. சரிசெய்யப் போய் தாள் கொத்தாக விழுகிறது. பொறுக்குவதற்காக வயலினை நாற்காலியில் வைக்கிறார். தாளைப் பொறுக்கி, வரிசையாக அடுக்கி, ஸ்டாண்டை உயர்த்தி, களைத்துப்போய் நாற்காலியில் உட்காரப் போகிறார். கூடம் முழுக்க வயலினைத்தான் பார்க்கும். பாதி குனிந்தவர் சட்டென்று நினைவு வந்து வயலினை எடுத்துக்கொள்கிறார். கூடம் மூச்சு விடுகிறது. நிம்மதியாக உட்காருகிறார். இருக்கை உள்ளே போகிறது.

அந்த வயலின் இருக்கைமேல் கிடந்த நேரம் முழுவதும் ‘இருக்கை கெட்டியானது’ என்று பார்வையாளரை நம்பவைக்கிறது. ஆகவே இரண்டாவது கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் ஒரு நிபந்தனை: அரைக் கிலோ எடையை அந்த இருக்கை அசையாமல் தாங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி. முதல் 90 நொடி எதுவும் கெடக் கூடாது. பாட்டின் முதல் எட்டு அளவை (அளவு என்றால் ‘பார்’, தாளத்தின் ஒரு சுற்று) அவர் அழகாக வாசிக்க வேண்டும். இவருக்கு வாசிக்க வரும், பாட்டும் நல்ல பாட்டு என்று தெரிந்தால்தான் அது தடைபடும்போது நமக்குப் பதறும். பிறகு ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே வாசிக்கட்டும், போன முறையைவிட ஒரு அளவு கூடுதலாகப் போய் நிற்கட்டும். மூன்றாவது முறைக்குள் கூடத்துக்கே பாட்டு மனப்பாடம் ஆகிவிடும். 12ஆவது நிமிடத்துக்குப் பிறகு வேகத்தைக் கூட்டாமல் குறையுங்கள். அந்த இடத்தில் ஒரு முழு நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடப்பது பெரிய பலம். ஸ்டாண்டு மறுபடி தாழும் என்று அவரே எதிர்பார்த்து முழங்காலை மடக்கித் தயாராகிறார், அது தாழவே இல்லை. பொருளைத் தொடாமலே கிடைக்கிற சிரிப்பு இது.

கோளாறு நடந்ததும் நடிகர் உடனே துள்ளக் கூடாது. ஒரு எண்ணிக்கை அசையாமல் இருப்பது, பொருளைப் பார்ப்பது, பார்வையாளரைப் பார்ப்பது, மறுபடி பொருள். இதில் பார்வையாளரைப் பார்ப்பதை 20 நிமிடத்தில் ஆறு ஏழு தடவைக்கு மேல் செலவழிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்த்தால் சிரிப்பைக் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும்.

---

உப்புத்தாள்

ஸ்டாண்டு, நாற்காலி ரெண்டுக்கும் நான் சொல்றேன்.

முதல்ல ஸ்டாண்டு வகை. கம்பிக்கூடு மாதிரி மடக்குற ஸ்டாண்டு 15 மீட்டர்ல இருந்து பார்த்தா கண்ணுக்கே தெரியாது. தகடு மேல்பலகை வெச்ச ஸ்டாண்டு வாங்குங்க, பலகை 50 செ.மீ.க்கு 35 செ.மீ. இருக்கணும். பின்திரை கறுப்புன்னா பலகை விளிம்புல ஒரு விரல் அகலம் வெள்ளைத்தாள் ஒட்டுங்க. தாழ்றது விளிம்பு நகர்றதுலதான் தெரியும்.

ஸ்க்ரூவைத் தளர்த்தினா ஏன் ஒரேயடியா விழுதுன்னா, ஸ்க்ரூ பிடிக்கிறது ஒரே ஒரு புள்ளியில. பிடி விட்டதும் உள்குழாயைத் தடுக்க வேற எதுவுமே இல்ல. உராய்வுக்காக டேப் சுத்தினா அன்னைக்கு வேலை செய்யும், வெயில்ல பசை இளகினதும் பாதியில ஒட்டிக்கும். காத்தை வெச்சு மெதுவாக்குறதுதான் நம்பகமான வழி. சைக்கிள் பம்புக்குள்ள போடுற தோல் வாசர் இருக்கே, அதை உள்குழாயோட அடிமுனையில ஒரு ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க. கிண்ணம் போலக் குழிஞ்ச பக்கம் கீழ பார்க்கணும், அப்பதான் காத்து அழுத்தும்போது விளிம்பு விரிஞ்சு குழாய்ச் சுவரைப் பிடிக்கும். வாசரை வாங்கி வெச்சுக்கிட்டு அதுக்குப் பொருந்துற வெளிக்குழாயைத் தேடுறது சுலபம், தலைகீழா அலையாதீங்க. வெளிக்குழாயோட அடியை ரப்பர் கார்க்கால அடைச்சு, கார்க்குல 1 மி.மீ. ஓட்டை போடுங்க. காத்து அந்த ஓட்டை வழியா மட்டும்தான் வெளியேறும், ஸ்டாண்டு ஒரே சீரா இறங்கும். வேகம் பத்தலைன்னா ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாக்குங்க. பெருசாக்கிட்டா திரும்ப அடைக்க முடியாது, வேற கார்க்குதான், அதனால நாலஞ்சு கார்க்கு கையில வெச்சுக்குங்க.

50 செ.மீ. இறங்க 12 நொடின்னு வெச்சுக்குங்க. நிமிஷத்துக்கு 80 தட்டு வேகத்துல நாலு தட்டு அளவு ஒண்ணு 3 நொடி, ஆக நாலு அளவு வாசிக்கிற நேரம். அதைவிட மெதுவா இறங்கினா ஜனங்களுக்குப் புரியவே நேரமாகும். வேகமா இறங்கினா நடிகர் கூடவே குனிய முடியாது.

நிறுத்தி வெச்சு நேரம் வரும்போது விடுறதுக்கு ஆணி போதும். வெளிக்குழாய், உள்குழாய் ரெண்டையும் சேர்த்து 4 மி.மீ. துளை. துளை வாயை அரத்தால சுத்தமா ராவிடுங்க, பிசிறு இருந்தா தோல் வாசர் கிழிஞ்சிடும். அதுல 3 மி.மீ. ஆணி, மெழுகுவத்தி தேய்ச்சது. ஆணித்தலையில 0.5 மி.மீ. தூண்டில் நரம்பு கட்டி, ஸ்டாண்டு காலுல ஒரு சின்ன வளைய ஆணி வழியா இறக்கி, தரையில 40 செ.மீ. ஓடவிட்டு நுனியில ஒரு வளையம். நடிகர் ஷூ நுனியால அந்த வளையத்தை இழுப்பார். யாரும் பார்க்க மாட்டாங்க, ஏன்னா அந்த நேரம் வில்லு மேல ஓடிட்டிருக்கும். ஆணித்துளை வாசருக்கு மேல்பக்கம் வரணும், வாசருக்குக் கீழ வந்தா காத்து அந்த வழியாப் போயிடும்.

ஸ்டாண்டு காலுங்க மேல மொத்தம் 2 கிலோ மணல் பை, கறுப்புத் துணியில தைச்சது. இல்லாட்டி வில்லு நுனியால பக்கம் திருப்பும்போது ஸ்டாண்டே சாயும்.

தாள்: சாதாரண ஏ4 தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம் வகை) ஒண்ணு 5 கிராம்தான். மின்விசிறி ஓடுற கூடத்துல அது தானாப் பறந்து உங்க ஜோக்கை முன்னாடியே சொல்லிடும். மேடைக்கு மேல இருக்கிற விசிறியை நிறுத்தச் சொல்லுங்க, தாளும் 120 கிராம் வகை போடுங்க. இன்னொரு யோசனை: கடைசிப் பாட்டுத்தாளை ஏ3 அளவுல 12 பக்கம், நீளப்பக்கத்தை ஒண்ணோட ஒண்ணு துணி டேப்பால ஒட்டி விசிறி மடிப்பா மடிச்சு வையுங்க. பிரிஞ்சா மூணரை மீட்டர் வரும். முதல் பக்க ஓரத்துல ரெண்டு நாணயம் ஒட்டினா அதோட எடையில தானா ஓடிப் பிரியும். அவர் மண்டி போட்டு நகர்ந்துகிட்டே வாசிக்கலாம்.

நாற்காலிக்கு வரேன். தேக்கோ வேற கெட்டி மரமோ இருக்கணும். பிளாஸ்டிக், மடக்கு நாற்காலி எதுவும் தொடாதீங்க. இருக்கையை எடுத்துட்டா உள்ளே 40 செ.மீ. அகலம் கிடைக்கணும். ஒரே பலகையா போட்டா ஒரு மூலை முதல்ல போய்ச் சிக்கிக்கும். அதனால இரட்டைக் கதவா செய்யுங்க: 9 மி.மீ. பிளைவுட், இடது வலது சட்டத்துல கீல், நடுவுல ரெண்டும் சந்திக்கணும், இடையில 4 மி.மீ. இடைவெளி. ஒவ்வொரு கதவையும் முன்சட்டத்துல ஒண்ணு, பின்சட்டத்துல ஒண்ணுன்னு அலமாரிக்குப் போடுற காந்தப் பூட்டு பிடிச்சுக்கும். வயலின் எடைக்கு அசையாது, ஆள் உட்கார்ந்தா விட்டுடும். தனியா இழுக்கிற வேலையே கிடையாது. மேல ஒரு மெல்லிசு துணி, இடது கதவுல மட்டும் ஒட்டினது, நடுக்கோட்டை மறைக்கும்.

கதவுக்குக் கீழ, முன்சட்டத்துல இருந்து பின்சட்டத்துக்கு 50 மி.மீ. நைலான் பெல்ட் பட்டை ரெண்டு, தொட்டில் மாதிரி 20 செ.மீ. ஆழத்துல தொங்கணும். ஆளை நிறுத்துறது இந்தப் பட்டைதான். ஆணி அடிக்காதீங்க. சட்டத்தைச் சுத்தி வந்து, ஒரு தகடு வெச்சு போல்ட் போடுங்க. 70 கிலோ ஆள் விழும்போது பட்டை மேல வர்ற இழுப்பு அவர் எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு இருக்கும், அதனால 300 கிலோ தாங்குற மாதிரி செய்யுங்க. முன்சட்டத்து மேல முழங்கால் மடிப்பு விழும், அங்க 10 மி.மீ. ஃபோம் வெச்சு ரெக்ஸின் போடணும். கடைசியா, இடுப்பு உள்ளே போனதும் எடை பின்பக்கம் சாயும். நாற்காலிக் காலுக்கு அடியில ஒவ்வொரு பக்கமும் 65 செ.மீ. நீளச் சட்டம், பின்னால 10 செ.மீ. நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி, கறுப்புப் பெயின்ட் அடிச்சு.

---

பிரடை

நான்காவது கேள்விக்கு: வயலினை நேரடியாகவே வாசிக்க வேண்டும். பதிவை ஓட்டினால் வில்லும் ஒலியும் பிரிவது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். 150 பேர் கூடத்துக்கு வயலினுக்கு மைக் கூடத் தேவையில்லை.

தப்பாக வாசிப்பது தனிப் பயிற்சி. எல்லாச் சுரமும் பிசகினால் அது வெறும் இரைச்சல். ஒரு வரி முழுவதும் சுத்தமாக, ஒரே ஒரு சுரம் மட்டும், அதுவும் அழுத்தமான தட்டில், அரைச்சுரம் தள்ளி விழ வேண்டும். அது தப்பு என்று தெரிய சரியான சுரம் எதுவென்று கூடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டை மீண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னாரே ‘வெறும்மேடை’, அந்த யோசனையின் இசைப் பயன் இதுதான். முடிவுக்கும் அதையே பயன்படுத்தலாம். பாட்டை ஏழாம் சுரமான ‘நி’யில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மேல் ‘ச’வைத் தராதீர்கள். அதற்கு முன் கூடம் அந்தப் பாட்டை ஐந்து முறை கேட்டிருந்தால் 150 பேரும் அந்த ஒரு சுரத்துக்காகத் தவிப்பார்கள். அவரும் தவிப்பார். அதை எந்தப் பொருளிலிருந்து தருவது என்பது உங்கள் விருப்பம். ஸ்டாண்டின் தகடு கீழே விழும் ஒலி அதே சுரத்தில் அமைந்தால் நன்றாக இருக்கும், ஆனால் தகடு சுருதி சேர்ந்து விழாது. அந்த ஒரே ஒலியை மட்டும் பதிவாக ஓட்டலாம்.

நேரடியாகவே கிடைக்கிற ஒரு வேடிக்கை: பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) இளகுவது. மந்தர ‘ஜி’ தந்தியில் விரல் வைக்காமல் நீளமாக வில் போட்டுக்கொண்டே இடக்கையால் அதன் பிரடையைத் தளர்த்தினால் ஒலி வழுக்கிக்கொண்டு இறங்கும். நான்கு அரைச்சுரம் போதும். அதற்கும் கீழே போனால் தந்தி விரல்பலகையில் அடித்துப் படபடக்கும். ‘இ’ தந்தியில் இதைச் செய்யவே கூடாது. அது எஃகு, சுமார் 7–8 கிலோ இழுப்பில் இருக்கிறது, அறுந்தால் முகத்துக்கு வரும். நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தவும் கூடாது. குதிரையை (தந்திகளைத் தாங்கும் சிறு மரப்பாலம்) ஒட்டவில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அழுத்தம் போனால் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சியான ஒலித்தூணும் விழலாம், பிறகு அன்றைய நிகழ்ச்சி அவ்வளவுதான். குளிர்சாதனக் கூடத்தில் ஈரப்பதம் குறைந்து பிரடை தானாகவே இளகும் என்பதால் நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பே வயலினை மேடையில் வைத்துப் பழக்குங்கள்.

ஆகவே இரண்டு வயலின்: வாசிப்பதற்கு ஒன்று, வதைபடுவதற்கு ஒன்று. நிறமும் வார்னிஷும் ஒத்திருக்க வேண்டும். வதைபடும் வயலினில் ‘இ’ தந்தி மட்டும் நைலான் நரம்பாக இருக்கட்டும்.

வில்லிலிருந்து மயிர் அறுந்து தொங்குவது போல வேண்டுமானால் உண்மையான மயிரை வெட்டாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் குச்சி வளைந்துவிடும். பழைய வில்லிலிருந்து ஏழெட்டு மயிரை எடுத்து, ஒரு முனையைத் தேன்மெழுகால் வில்லின் நுனிப்பக்கம் ஒட்டிவிட்டால் அசைவில் தானாகப் பறக்கும். ரோசின் (வில் மயிரில் தேய்க்கும் பிசின்) தூள் மேகமாக எழும் வேடிக்கைக்கு ரோசினே வேண்டாம், மூச்சில் போனால் இருமல் வரும். துணி முடிச்சில் ஒரு டீஸ்பூன் சோளமாவு போதும். மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த வேடிக்கையையே விட்டுவிடுங்கள், மாவுத் தூள் தீப்பிடிக்கும்.

பின்னணிக்குப் பியானோப் பதிவு ஓட்டினால் ஸ்பீக்கர் நாற்காலிக்குப் பின்னால் மறைவாக இருக்கட்டும், சுவரில் உள்ள பெட்டிகள் வேண்டாம். ஒயர் இணைப்பு மட்டும். புளூடூத்தில் தாமதம் இருக்கும், நேரடி வயலினோடு தாளம் சேராது. அந்தப் பியானோப் பதிவில் வயலினுக்கு 16 அளவு ஓய்வு விடுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ரோவன் அட்கின்சன், மிஸ்டர் பீனாக, முழு இசைக்குழுவுக்கு நடுவே ஒரு விரலால் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அங்கே நகைச்சுவையை ஓட்டியது அலுப்புதான்: கைக்கு வேலையில்லை, நிறுத்தவும் முடியாது. உங்கள் ஆளுக்கும் அந்த 16 அளவு வெறுமையாகக் கிடைத்தால் ஸ்டாண்டைத் திருகிப் பார்ப்பார், தூசு தட்டுவார், எண்ணிக்கையை விடுவார், நுழைவைத் தவறவிடுவார். கோளாறு வர ஒரு காரணம் கிடைத்துவிடும்.

---

கூடத்துமேடை

மிக்க நன்றி. பம்பு வாசர் யோசனையைச் செய்து பார்க்கிறோம். இன்னும் இரண்டு: நாற்காலியில் விழுவதை எப்படிப் பழகுவது? மேலும், மேற்கத்திய கச்சேரிக்குப் பதில் நம் கச்சேரி முறையில், தரையில் உட்கார்ந்து செய்தால் கூடத்துக்கு இன்னும் நெருக்கமாக இருக்குமே என்று ஒருவர் சொல்கிறார்.

---

மெத்தை

உட்கார்ந்த கச்சேரி வேண்டாம் என்பேன். சம்மணம் போட்டதும் கால், இடுப்பு இரண்டும் வேலையில்லாமல் போய்விடும். மிஞ்சுவது முகமும் கையும். முகத்தை வைத்து 20 நிமிடம் ஓட்டினால் கடைசி வரிசைக்கு எதுவும் போய்ச் சேராது. வேண்டுமானால் தொடக்கத்தில் உட்கார்ந்து எழ முடியாமல் மரத்துப்போன காலோடு ஒரு கட்டம் வைக்கலாம். முழு நிகழ்ச்சிக்கு நிற்கும் ஆள்தான்.

‘உப்புத்தாள்’ சொன்ன நாற்காலி நன்றாக இருக்கிறது. ஆழம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 20 செ.மீ. போனால் வயிறு மடிந்து மூச்சு முட்டும், அந்த நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது. வயலின் வாசிப்பது இன்னும் கடினம். 14, 15 செ.மீ. போதும். பார்ப்பவர் கணக்குப் போடுவது ஆழத்தை வைத்து அல்ல, முழங்கால் எவ்வளவு உயரம் வந்தது என்பதை வைத்து. உள்ளே போகும் கணத்தில் நடிகர் இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து தூக்கினால் 15 செ.மீ. வீழ்ச்சி 30 போலத் தெரியும்.

பழகும் வரிசை: முதலில் கதவைத் திறந்தே வைத்து, கையைச் சட்டத்தில் ஊன்றி மெதுவாக இறங்கி ஏறுவது. வெளியே வருவது கைவந்த பிறகுதான் உள்ளே விழுவது. இரண்டாவது, கை ஊன்றாமல் இறங்குவது. மூன்றாவதாகத்தான் காந்தப் பூட்டோடு. முதல் பத்துப் பதினைந்து தடவை நாற்காலியின் முதுகைப் பின்னால் நின்று ஒருவர் பிடித்திருக்க வேண்டும், கீழே 5 செ.மீ. மெத்தை. விழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், முகவாய் நெஞ்சை நோக்கி. நாக்கு பல்லுக்கு நடுவில் இருக்கக் கூடாது. கேட்க அற்பமாக இருக்கும், காயம் அங்கேதான் வரும். கையில் வயலின் இருப்பதால் அதை மேலே உயர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். வயலின் பிழைத்தது, ஆள் மாட்டினார் என்பது படமாகவும் நன்றாக இருக்கும், முழங்கையும் சட்டத்தில் இடிக்காது.

தரையில் பின்னால் விழும் கட்டம் ஏதாவது இருந்தால்: கையை ஒருபோதும் பின்னால் ஊன்றக் கூடாது, மணிக்கட்டு முறியும். ஒரு முழங்காலை நன்றாக மடக்கி, அதே பக்கத்துப் புட்டத்தில் தரையைத் தொட்டு, முதுகில் உருள வேண்டும். வால் எலும்பில் நேராக உட்காரக் கூடாது. பேன்ட் ஒரு அளவு பெரிதாக எடுத்து, இடுப்பு வாரால் தூக்கிக் கட்டுங்கள். உள்ளே இடுப்புக்கும் முழங்காலுக்கும் பஞ்சுப் பட்டை போட இடம் கிடைக்கும். கவட்டிலும் அக்குளிலும் தையல்காரரிடம் கூடுதல் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வயலினைத் தோளுக்கு உயர்த்தும்போது கோட்டு முழுவதும் காதுக்கு ஏறுவது வேண்டாத சிரிப்பு. தோல் அடி ஷூவுக்கு 2 மி.மீ. ரப்பர் ஒட்ட வேண்டும், சோளமாவு கொட்டிய மேடையில் இது கட்டாயம்.

க்ரோக் இருக்கைக்குள் மாட்டியபின் ஒரே துள்ளலில் நாற்காலி முதுகின் விளிம்பில் போய் உட்காருவார். அதைப் பார்த்துவிட்டு முயலாதீர்கள். சர்க்கஸ் பயிற்சியில் வளர்ந்த உடம்பு அது.

விழாமலே சிரிப்பு வேண்டுமென்றால் டென்மார்க்கில் பிறந்த விக்டர் போர்க் நல்ல பாடம். 1953 முதல் 1956 வரை நியூயார்க்கில் 849 காட்சி தனி ஆளாக நடத்தியவர். பியானோ ஸ்டூலில் கார்போல ஒரு சீட் பெல்ட் வைத்திருந்தார், வாசிக்கும் முன் இடுப்பில் மாட்டிக்கொள்வார். விழுவதற்கு எதிரான முன்னெச்சரிக்கையே வேடிக்கை. உங்கள் ஆள் நாற்காலியிலிருந்து ஒருவழியாக வெளியே வந்த பிறகு, அடுத்த முறை உட்காரும் முன் இருக்கையை வில் நுனியால் தட்டித் தட்டிச் சோதித்தால் அதே பயன் கிடைக்கும், உடம்புக்குச் செலவில்லை.

---

வெறும்மேடை

‘மெத்தை’ சொன்ன சோதனைக்கு ஒரு ஒட்டு. சோதித்துவிட்டு உட்காராமல் நின்றே வாசிக்கட்டும். உட்கார்ந்தால் மறுபடி விழ வேண்டும், விழாவிட்டால் ஏமாற்றம்.

1952இல் வந்த ‘லைம்லைட்’ படத்தில் சாப்ளின் வயலினும் பஸ்டர் கீட்டன் பியானோவுமாக வரும் கட்டத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே ஒற்றை ஆளுக்கு மாற்ற முடியாது. அங்கே கீட்டனின் தாள்கள் சரிந்துகொண்டே இருக்க, சாப்ளினின் கால் பேன்ட்டுக்குள் சுருங்குகிறது. இரண்டு பேர் இருப்பதால் இரண்டு தொல்லை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறது, கண் மாறி மாறிப் போகிறது. ஒற்றை ஆளிடம் ஒரு நேரத்தில் ஒரு தொல்லைதான். ஸ்டாண்டு தாழும்போது வில் மயிர் பறந்தால் இரண்டுமே வீண். மயிரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

---

உப்புத்தாள்

15 செ.மீ. சரிதான், பட்டையைச் சுருக்கிக்குங்க. ஆனா பட்டை ஏறினா கதவோட அகலத்தைப் பார்க்கணும். 19 செ.மீ. கதவு கீழ தொங்கும்போது பட்டை பக்கவாட்டுல போய் அதுல உரசும். ரெண்டு பட்டையையும் நடுவுல நெருக்கமா, 12 செ.மீ. இடைவெளியில போடுங்க, உரசாது. கதவோட கீழ்விளிம்பை உப்புத்தாள் போட்டு உருட்டிடுங்க, இல்லாட்டி எழும்போது தொடையைக் கீறும்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடி பார்க்க வேண்டியதுல முக்கியமானது ஸ்டாண்டுதான். தோல் வாசர் ஒரு நாள் சும்மா இருந்தாலே காஞ்சு சுருங்கும், காத்து கசியும், ஸ்டாண்டு மறுபடி ‘டக்’னு விழும். ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, முழுசா மூணு தடவை ஏத்தி இறக்கி, மூணாவது தடவை கடிகாரம் வெச்சுப் பாருங்க. 10 நொடிக்குக் கீழ வந்தா வாசரை மாத்துங்க. நிகழ்ச்சி நடுவுல அவர் ஸ்டாண்டை உயர்த்தும்போது வேகமா இழுக்கக் கூடாது. மெதுவா, 5 நொடி எடுத்து உயர்த்தணும். உயர்த்தினதும் ஆணியை மறுபடி சொருகுறதை அவர்தான் செய்யணும், அதை மேடையிலேயே வெளிப்படையா, ஸ்க்ரூ இறுக்குற மாதிரி செஞ்சுடலாம்.

தூண்டில் நரம்பு வெளிச்சத்துல மினுக்கும். கறுப்பு மார்க்கரால ஒரு தடவை இழுத்துடுங்க. தரையில ஓடுற பகுதிக்கு மேல சின்ன கம்பளம் போட்டு, கம்பளத்தோட நாலு மூலையையும் துணி டேப்பால ஒட்டணும். வளையம் ஷூ நுனி தாராளமா நுழையுற அளவு, 6 செ.மீ. விட்டம் இருக்கட்டும். கம்பளத்துக்கு வெளிய 2 செ.மீ. மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தா போதும்.